பரவுகிறது, சார்!

மாமாவின் மளிகைக் கடை வலைதளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றினேன். "நேம்சர்வரை மட்டும் மாத்துங்க சார், மத்தது தானா நடக்கும்" என்றார்கள் புது ஹோஸ்டிங்காரர்கள். நடந்தது. தளம் ஜம்மென்று வந்தது, மெயில் நின்றது.

தளத்துக்கு வழி சொல்வது ஏ ரெக்கார்ட், மெயிலுக்கு எம்எக்ஸ். வீடு மாறினால் பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் தனித்தனியாகச் சொல்லவேண்டும் இல்லையா, அதுபோல. இந்த வழிகளையெல்லாம் குறித்து வைத்திருப்பது நேம்சர்வர்; புதியதில் எம்எக்ஸ் இல்லை. எழுதினேன். கூடவே எஸ்பிஎஃப்: இன்னின்ன சர்வர்தான் என் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற அத்தாட்சி. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். எதற்கும் இருக்கட்டுமே என்று இரண்டு போட்டேன். இரண்டும் செல்லாமல் போயின. (கல்யாணப் பத்திரிகையில் இரண்டு முகூர்த்தம் போட்டவன் கதி.)

திருத்திவிட்டுக் கேட்டால், "ப்ராபகேஷன் ஆகணும் சார், 48 மணி நேரம்." ஏதோ தென்மேற்குப் பருவமழை மாதிரி! உண்மையில் எதுவும் பரவுவதில்லை. பழைய பதிலை மனப்பாடம் செய்த சர்வர்கள் அதை மறக்கும்வரை காத்திருக்கிறோம், அவ்வளவே. எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்பதை டிடிஎல் சொல்கிறது. நான் போட்டிருந்தது 86400. ஒரு முழு நாள். முதலிலேயே 300 என்று போட்டிருந்தால் ஐந்தே நிமிடம்.

"என்ன மாப்ள, வந்துருச்சா?" என்று மாமா மணிக்கொரு தரம் கேட்டார். மறுநாள் மெயில் வந்தது. அதற்குள் அவர் ஆர்டர்களையெல்லாம் வாட்ஸ்அப்புக்கு மாற்றிவிட்டார்.