கலைக்குப் பிறகே கல்லடி

கேள்வி (கல்லடி உப்போடையிலிருந்து ஒரு மாணவி): தமிழ் விக்கிப்பீடியாவின் எல்லாத் தலைப்புகளையும் ஏபிஐ வழியாக இறக்கப் பார்த்தேன். 500 வந்ததும் நின்றுவிட்டது. மிச்சம் எங்கே?

பதில்: மிச்சம் பத்திரமாக இருக்கிறது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. சாதாரணப் பயனருக்கு ஒரு தடவையில் அதிகபட்சம் 500, பாட் கணக்குக்கு 5,000. அதற்கு மேல் சர்வர் அசையாது.

ஆனால் பதிலோடு 'கன்டினியூ' என்ற பகுதியும் வரும். அடுத்து வரவேண்டிய தலைப்பு அதற்குள் இருக்கும். அதுதான் கர்சர். அடுத்த தடவை கேட்கும்போது அதைத் திருப்பி அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். 'கன்டினியூ' வரவில்லையா? பட்டியல் முடிந்தது.

கேள்வி: பக்க எண் சொல்லிக் கேட்பது இதைவிடச் சுலபம் அல்லவா?

பதில்: கேட்பவருக்குச் சுலபம். 'முதல் ஒரு லட்சத்தை விட்டுவிட்டு 500 தா' என்றால் தரவுத்தளம் அந்த லட்சத்தையும் கடந்துதான் வரவேண்டும். கர்சரைக் கொடுத்தால் இன்டெக்ஸைப் பிடித்து நேரே அந்தத் தலைப்பில் போய் நிற்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை, விக்கிப்பீடியா உறங்குவதில்லை. பட்டியலை இறக்கிக்கொண்டிருக்கும்போதே முன்பகுதியில் ஒரு கட்டுரை சேர்ந்தால், பக்க எண் முறையில் பார்த்த தலைப்பே மறுபடி வரும். ஒன்று நீக்கப்பட்டால், பாராத ஒரு தலைப்பு ஓசையின்றி நழுவிவிடும். இரண்டு தடவை வந்ததைப் பிடித்துவிடலாம். வராததை யார் தேடுவது?

கர்சருக்கும் குறை உண்டு. 300ஆம் பக்கத்துக்கு ஒரே தாவலில் போக அனுமனாலும் ஆகாது. அதே விக்கியின் தேடல் வசதி மட்டும் 'இத்தனையை விட்டுவிட்டுத் தா' என்ற எண்ணிக்கை முறையில்தான் நகர்கிறது. 10,000 முடிவுகளோடு நின்றும்விடுகிறது.

கேள்வி: வந்த தலைப்புகளை அகரவரிசைப்படுத்தி, கடைசியை நானே கர்சராக அனுப்பலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நம் அகராதியில் 'கல்லடி' முன்னே, 'கலை' பின்னே. சர்வரோ யூனிகோட் எண்களைப் பார்த்து அடுக்குகிறது. அங்கே புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளின் எண்ணையும்விடப் பெரியது. ஆகவே 'கலை' முந்தும், 'கல்லடி' பிந்தும். 'ன'வும் கடைசி எழுத்தாக இராமல் 'ப'வுக்கு முன்னே போய் உட்கார்ந்திருக்கும். நம் வரிசைப்படி கடைசியைப் பொறுக்கி அனுப்பினால், நடுவிலிருந்து தொடங்கி வந்ததே திரும்ப வரும்.

சர்வர் தந்த கர்சரை ஓர் எழுத்தும் மாற்றாமல் திருப்பி அனுப்புங்கள். ஒரு பதில் வந்து சேர்ந்த பிறகே அடுத்ததைக் கேளுங்கள். முழுப் பட்டியலும் கைக்கு வந்ததும், மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் எவற்றுக்கு இன்னும் கட்டுரை இல்லை என்று பார்த்து, ஒன்றையாவது எழுதுங்கள்.