ஜப்பானோ, இந்தியனோ?

யாழ்ப்பாணத்தில் ‘அல்டோ ஒண்டு வாங்கப்போறன்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படலையைத் தாண்ட முடியாது. ‘ஜப்பானோ, இந்தியனோ?’ என்று உடனே கேட்பார்கள். கேட்கிறவர் சைக்கிளில் போகிறவராக இருந்தாலும் இந்த விஷயத்தில் அவருக்கு அசையாத கட்சி ஒன்று உண்டு.

இரண்டும் சுசுகிதான். இந்தியன் அல்டோவை 2018இல் இங்குள்ள ஏஜென்ற் கொம்பனி புத்தம் புதிதாக, வரண்டிப் புத்தகத்தோடு தந்தது. எஞ்சின் 796 சிசி. ஜப்பான் அல்டோ அந்த நாட்டுச் சனத்துக்கென்றே செய்தது. அங்கே கொஞ்சக் காலம் ஓடி, ஏலத்தில் போய், கப்பலேறி, ‘ரீகண்டிஷன்’ என்ற பட்டத்தோடு கார் சேலில் வந்து நிற்கும். எஞ்சின் 658 சிசி. சின்ன எஞ்சின், ஓடின கார், கூடின விலை. ஆனாலும் மரியாதை அதற்குத்தான். இந்த ரகக் கார் 660 சிசியையும் 3.4 மீற்றர் நீளத்தையும் தாண்டக்கூடாது என்பது ஜப்பான் சட்டம். வரி குறைவு, நம்பர் பிளேற் மஞ்சள். அங்கே மரக்கறி வாங்கப் போன வாகனம் இங்கே மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறது.

2018இல் நானும் மச்சானும் கார் தேடி இறங்கினோம். கொக்குவில் பக்கம் முதலாவது சேல். உரிமையாளர் கார்க் கதவைத் திறக்க முதலே ஒரு கிழவியை அறிமுகப்படுத்தினார்.

‘அண்ணை, இது ஒரு வயசுபோன மனிசி ஓடினது. கிழமைக்கு ஒருக்காக் கடைக்குப் போய் வந்தது மட்டும்தான்.’

அடுத்த சேலிலும் ஒரு கிழவி. திருநெல்வேலியில் இன்னொருத்தி. ஒசாக்காவில் ஒரு பொடியன் இரவிரவாக விரட்டியடித்த கார் ஒன்றுகூட இலங்கைக்கு வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை. கிலோமீற்றர் குறைவாக இருப்பதற்கு நேர்மையான காரணமே இருக்கிறது. ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் வருடம் கட்டாயப் பரிசோதனை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருதரம், செலவோ கொஞ்சநஞ்சமில்லை. ரயிலும் சொன்ன நேரத்துக்கு வரும் நாடு. சோதனை நெருங்க, பலர் காரைத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் இப்படி விளங்கப்படுத்தினால் யார் காசு தருவார்கள்? கிழவிக்குத் தருவார்கள்.

கிழவிக்குச் சாட்சி ஏலத்தாள். அது சாட்சாத் சாதகக் குறிப்பேதான். மேல் மூலையில் 4, 4.5 என்று புள்ளி. நடுவில் காரின் படம். A1 என்றால் சின்னக் கீறல், U என்றால் நெளிவு, W என்றால் தட்டி எடுத்த இடம். R விழுந்தால் அடிபட்டுத் திருத்தினது, அது செவ்வாய் தோஷம். புரோக்கர் கொண்டுவரும் குறிப்பை நம்பாமல் நாங்களே வேறு ஆளிடம் காட்டுவதுபோல, இதையும் சேசி நம்பரை அனுப்பிக் காசு கட்டிச் சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீற்றர் கடல் கடக்கும்போது முப்பதாயிரமாக இளைத்துவிடும்.

காருக்குள்ளே ஏறினால் தனி உலகம். கையேடு முழுக்க ஜப்பான் மொழி. ஓட்டுகிறவரின் இருக்கையைச் சூடாக்க ஒரு சுவிட்ச். சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்தில் அதை யார் அமத்துவது? வானொலி 76இல் தொடங்கி 90இல் நின்றுவிடும். அதற்கொரு பெட்டி பூட்டினால், 103இல் கதைக்கிறவர் திரையில் 83 என்று வருவார். கண்ணாடியில் 31 என்று ஒரு ஸ்ரிக்கர். அது அகிஹித்தோ பேரரசரின் ஆட்சியாண்டு, எங்கள் கணக்கில் 2019, பரிசோதனை முடிகிற வருடம். அதை யாரும் உரிப்பதில்லை. உரித்தால் ஜப்பான் போய்விடும். சாவி திருப்பியதும் ஒரு பெண்குரல் பணிவாக என்னவோ சொல்லும். நெடுஞ்சாலைக் கட்டண அட்டை போடவில்லை என்கிறாளாம். மாமி மட்டும் ஒவ்வொரு தரமும், ‘ஓம் பிள்ளை’ என்பார்.

நியாயத்துக்காகக் கொம்பனிக்கும் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி. கழுத்துப்பட்டி கட்டிய தம்பி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மீற்றரில் கிலோமீற்றரே இல்லை. வரண்டி எழுத்தில் இருந்தது. மச்சான் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், முகம் வாடிவிட்டது.

‘மச்சான், இதில என்னத்தைப் பிழை பிடிக்கிறது?’

என்னைக் கேட்டால், பாகம் வாங்கக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்ப விருப்பமில்லாதவர் இந்தியனையே வாங்கலாம். அதைத்தான் வீட்டிலும் சொன்னேன். மாமா பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல் ஒரு வசனம் பேசினார்.

‘இந்தியன் எண்டா விக்கேக்க விழும்.’

அதோடு சரி. இன்னும் வாங்கவேயில்லை, ஆனால் என்னிடமிருந்து வாங்கப்போகிற மனிசன் வந்து விறாந்தையில் குந்திவிட்டான். ஜப்பான் என்று தீர்மானித்தது அவன். எனக்கு நீலம் பிடிக்கும். அவனுக்கு வெள்ளைதான் வேண்டுமாம். இருக்கைகளின் பொலித்தீன் உறையைக் கழற்றவும் அவன் விடவில்லை. முன்னுக்குக் கிழவி, பின்னுக்கு அந்த மனிசன், நடுவில் லீசிங் கட்டுகிறவன் மட்டும் நான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நிறுத்தி வைத்த காரும் விலையேறியது. வாங்கிய விலையைவிடக் கூடத் தருகிறோம் என்று படலையில் ஆட்கள் வந்து நின்றார்கள். விற்றால் அந்தக் காசுக்கு வேறு கார் கிடைக்காது. விற்க முடியாத லாபத்தைத் தினமும் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன்.

போன மாதம் மனிசி பருத்தித்துறைச் சந்தையில் மீன் வாங்கி, தண்ணீர் சொட்டும் பையோடு பின்கதவைத் திறந்தார்.

‘மணக்குமப்பா,’ என்றேன்.

‘ஆருக்கு?’

‘நாளைக்கு வாங்கிற ஆளுக்கு.’

அவர் பையைப் பொலித்தீன் இருக்கையில் வைத்துவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினார்.

‘அந்தாள் வரேக்க, ஜப்பான் கிழவி மீன் வாங்கப் போனவ எண்டு சொல்லுங்கோ.’