மயக்க ஊசியும் மலைக்கோட்டையும்

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. வெயிலு மண்டையைப் பொளக்குது, முதல்ல மோரைக் குடி. நேத்துப் போன்ல என்னமோ சொன்னியே, திரும்பச் சொல்லு. கெட்டமைனா? பேருலயே 'கெட்ட' இருக்கு, அதையும் தேடிப் போறேங்கிறியே!

பெங்களூருல ஏசி ரூமுல உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டுற பயலுக்கு மனசு சோர்ந்து போச்சு. சரி, மனசுன்னு ஒன்னு இருந்தா சோரத்தான் செய்யும். அதுக்கு அமெரிக்காவுல ஒரு வைத்தியம் இருக்கு தாத்தா, ஊசியைப் போட்டு மிதக்க விட்டு, பக்கத்துல உக்காந்து பேசுவாகங்கிற. ராக்கெட் விடுற மஸ்க்கே டாக்டர் சீட்டு வாங்கி எடுத்துக்கிறேன்னு 2024ல பேட்டி குடுத்தாராம். அவரு ராக்கெட்டும் விடுறாரு. நீ மொட்டை மாடித் தண்ணித் தொட்டியைக் கழுவி எம்புட்டு நாளாச்சு?

ஏண்டா, அந்த ஊசியை நீ பொறக்குறதுக்கு முந்தியே உன் தாத்தன் போட்டாச்சு, தெரியுமா?

பூட்டுப் பட்டறையில தகடு வெட்டுறப்ப விரலையும் சேத்து வெட்டிக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாக. மயக்க டாக்டரு ஒரு ஊசியைக் குத்துனாரு. அம்புட்டுத்தான். நம்ம திண்டுக்கல் மலைக்கோட்டை பஞ்சுப் பொதி மாதிரி லேசாகி மேல போகுது, நான் அதுக்கும் மேல போறேன். கீழ கட்டில்ல எவனோ ஒருத்தன் கிடக்கான். பாவம் யாரு பெத்த புள்ளையோன்னு பாத்தா, நான்தான்! விரலு அவனோடது, வலி ஆரோடதோ.

இந்த மருந்துல ஒரு கூத்து, கண்ணு திறந்தே கிடக்கும். உங்க அப்பத்தா கதவு வழியா எட்டிப் பாத்தா. கண்ணு முழிச்சபடி ஆளு அசையாம கிடக்கவும் ஒப்பாரியைத் தொடங்கிட்டா. அவ என்னையப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொன்னது அன்னைக்கு மட்டுந்தான். அதையும் நான் கேக்கல.

அப்ப அதுக்குப் பேரு மயக்க ஊசி. இப்ப அதே குப்பிக்கு மனப் பயணமாம். பயணம்னா பஸ்ஸு வேணாமா?

உன் அத்தை மக நர்ஸு வேலை பாக்குறாள்ல, அவகிட்ட எல்லாத்தையும் கேட்டு வச்சிருக்கேன். 1962ல அமெரிக்காவுல பார்க்-டேவிஸ் கம்பெனிக்காக கால்வின் ஸ்டீவன்ஸ்னு ஒருத்தரு இதைக் காய்ச்சி எடுத்தாராம். முதல்ல யாருக்குப் போட்டுப் பாத்தாக? 1964ல ஜெயில்ல கிடந்த கைதிகளுக்கு. பெரிய மனுசன் வீட்டுப் புள்ளைக்கா போட்டுப் பாப்பாக? 1970ல சர்க்காரு அனுமதி குடுக்கவும் வியட்நாம் சண்டையில அடிபட்ட சிப்பாய்களுக்குப் போட்டாக. மத்த மயக்க மருந்து மாதிரி மூச்சை அமுக்காது, அதனால பெரிய மெசினு இல்லாத சின்ன ஆஸ்பத்திரிக்கு இது குலதெய்வம். நாய்க்கும் குதிரைக்கும்கூட இதுதான்.

மனச் சோர்வுக்கு இது கேக்கும்னு 2000ல யேல் பல்கலைக்கழகத்துக்காரக சொன்னாக. எத்தனை பேரை வச்சு? ஏழே பேரு. நம்ம ஊரு சீட்டாட்டக் கச்சேரிக்கே அதைவிடக் கூட்டம் வரும். சிரிக்காத, அந்த ஏழு பேருதான் கதவைத் திறந்தது. 2006ல இன்னொரு சோதனை. மத்த மாத்திரை எதுக்கும் அசையாத ஆளுக. ஒரு தடவை ஏத்துன மறுநாளே நூத்துக்கு 71 பேருக்குத் தெளிஞ்சிருக்கு. வழக்கமான மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்குல ஆகும். சாகப்போறேன்னு நிக்கிற ஒருத்தனுக்கு ஒரு ராவு கூடக் கிடைக்கிறது சின்ன விசயமா? அதை நான் கேலி பண்ண மாட்டேன்.

ஆனா அடுத்த வரியையும் படிடா. ஒரு வாரம் முழுக்க அந்தத் தெளிவு நின்னது நூத்துக்கு 35 பேருக்குத்தான். தெளிஞ்சவுகள்ல மிச்சப் பேருக்கு அடுத்த சந்தைக்குள்ள பழைய மூஞ்சி திரும்பிருச்சு.

நான் அம்பது வருசம் பூட்டுச் செஞ்சவன். எனக்குப் புரியுற மாதிரிதான் எதையும் கேப்பேன். மூளையில குளுட்டமேட்டுன்னு ஒரு சரக்கு, அது வந்து திறக்குற வாசல் ஒன்னு. இந்த மருந்து அந்த வாசலுக்குள்ள போயி அடைச்சுக்கிட்டு உக்காந்துக்குது. சாவித் துவாரத்துல ஈர்க்குச்சியை ஒடிச்சு விட்ட மாதிரி. ஒரு வாசலை அடைச்சா மனசு எப்படித் திறக்குது? அதைப் படிச்சவுகளே இன்னும் வாதாடிக்கிட்டு இருக்காக. திறக்குது, அதுமட்டும் நிசம். திறந்திருக்குற நாலு நாளுல உள்ள போயிக் கூட்டிப் பெருக்கணும்ல? பக்கத்துல ஆளு உக்காந்து பேசுற வைத்தியம் அதுக்குத்தான். ஊசிக்கு முந்தியும் பேச்சு, மறுநாளும் பேச்சு.

அந்த ஊசி போடுற ரூமைப் பத்தி உன் அத்தை மக சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு தாங்கல. மங்கலான வெளிச்சம், கண்ணுக்குத் துணி, காதுல பாட்டு, பக்கத்துல ஒருத்தரு "என்ன தெரியுது?"ன்னு கேக்குறாரு. அடேய், இது பேயோட்டுற நம்ம கோடாங்கிடா! ராத்திரி, சாம்பிராணிப் புகை, உடுக்கைச் சத்தம், "யாரு நீ, எங்கிருந்து வந்தே?" மாமியாகிட்டப் பத்து வருசமாச் சொல்ல முடியாததைப் பேயி பேருல அன்னைக்குக் கொட்டித் தீத்துருவா மருமக. என்ன, கோடாங்கிக்கு ஒரு சேவலும் வெத்தலைபாக்கும் போதும். இவுக தட்சிணைக்கு உன் மாசச் சம்பளம் காணாது.

கோடாங்கி போதும்னு சொல்ல வரலடா. மந்திரிச்சாப் போதும்னு மனசு சரியில்லாதவுகளைச் சங்கிலியில கட்டிப் போட்டதாலதான், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில கொட்டகை பத்திக்கிட்டப்ப ஓட முடியாம 28 பேரு வெந்து செத்தாக. அதை நெனச்சா எனக்கு இன்னைக்கும் சோறு இறங்காது.

அதுக்காக இந்த ஊசியும் விளையாட்டு இல்ல. நீ பாத்துச் சிரிப்பியே 'ஃபிரண்ட்ஸ்' நாடகம், அதுல வந்த மேத்யூ பெரி என்ன ஆனாரு? 2023 அக்டோபர்ல வெந்நித் தொட்டியில மிதந்தாரு. ஒடம்பு முழுக்க இந்த மருந்து. டாக்டரு பாத்து ஏத்துனது அதுக்கு ஒன்றரை வாரம் முந்தி. அன்னைக்கு ஒடம்புல இருந்தது அது இல்ல, திருட்டு வழியில வாங்கிக் குத்துனது. போதைக்குன்னு வருசக்கணக்கா இழுக்குற பயலுகளுக்கு மூத்திரப்பை சுருங்கிப் போகும். கால்மணிக்கு ஒருக்கா ஒதுங்க ஓடணும். அது என்ன மனப் பயணம், கக்கூஸுப் பயணம்!

இந்த மருந்துலயே மூக்குல பீச்சுற மாதிரி ஒரு வகைக்கு 2019ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாக. அதுகூட முதல்ல, வேற ரெண்டு மருந்து தின்னும் மசியாத ஆளுக்குத்தான். பீச்சிட்டு ரெண்டு மணி நேரம் டாக்டரு கண்ணு முன்னாடியே உக்காரணும். மறுநாள் வரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது. நம்ம நாட்டுல 2011ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வந்துச்சு, 2013ல எக்ஸ் அட்டவணையில ஏத்திட்டாக. கடைக்காரரு தனி அலமாரியில வச்சுப் பூட்டணும். திண்டுக்கல் பூட்டாப் பாத்துப் போடச் சொல்லு, 2019ல புவிசார் குறியீடு வாங்குன பூட்டு.

இப்ப நீ சொல்லு. ரெண்டு மருந்து தின்னு பாத்துட்டியா? ஒரு மாத்திரையாவது? மனநல டாக்டரு வாசப்படியை மிதிச்சியா? வயித்துவலின்னா ஓடுற, மனசுவலின்னா வீடியோ பாக்குற. உங்க அப்பன்கிட்டச் சொன்னியா? "ஒன்னுமில்லப்பா, வேலை"ன்னுதானே சொல்லியிருப்ப? முதல் மாடிக்கே ஏறாத பய, கடைசி மாடிக்கு லிஃப்ட்டு கேக்குற.

மூஞ்சியைத் தூக்காத. கேலி பண்றதுக்கு மட்டும் உன்னைய உக்கார வைக்கல. வந்ததுல இருந்து பாக்குறேன், பிரியாணியில கறியை ஒதுக்கி வச்ச. சீரகச் சம்பா பிரியாணியில கறியை ஒதுக்குற திண்டுக்கல்காரனுக்கு ஏதோ இருக்கு, அது எனக்குத் தெரியாதா?

நாளைக்குக் காலையில நம்ம ரெண்டு பேரும் ஜி.ஹெச்.சுக்குப் போவோம். மனநலப் பிரிவு இருக்கு, ஓ.பி. சீட்டுக்குக் காசு கிடையாது. இன்னைக்கு ராவு தூக்கம் வரலைன்னா என்னைய எழுப்பு. கிழவன்கிட்ட பேசக் கூச்சமா இருந்தா 14416க்கு அடி. டெலி மானஸ்னு சர்க்காரு நம்பரு. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாக, தமிழ்லயே பேசலாம், காசில்லை. போன்ல சார்ஜ் இருக்கா? இல்லைன்னா அந்தா சுவத்துல சொருகு.