கேபிள் இல்லாத கம்பீரம்

திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட்டுகளுக்கு இப்போது வேலை, ஊரூர் ஒல்காட் குப்பத்தை ஒட்டிய பெசன்ட் நகர்க் கடற்கரையில் படத்துக்கு நிற்பது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவில் வேரூன்றிய ராயல் என்ஃபீல்டு, இப்படியொரு முதுமையை எதிர்பார்த்திருக்காது.

குரோம் பளபளக்கிறது. டேங்கில் தங்கக் கோடு. டிகம்ப்ரஷன் கேபிளைத்தான் காணோம்!

ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன லிவரை இழுத்தால், இந்தக் கேபிள் எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கும். சிலிண்டரின் அழுத்தம் வெளியேறும். பிஸ்டன் சிரமமின்றி உச்சியைத் தாண்டும். அப்புறம் லிவரை விட்டுவிட்டு உதைக்க வேண்டும். கேபிள் இல்லையென்றால் சில நேரம் கிக்கர் திருப்பி உதைக்கும். உரிமையாளரோ நொண்டியபடியே, "வண்டிக்கு ஆள் தெரியும் சார்" என்பார்.

புதுப்பேட்டையில் தேடி வாங்கி மாட்டினாலும் ஆர்வக்கோளாறு விடாது. விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போகும், வால்வும் கருகும். கொஞ்சம் தளர்வு வேண்டும்.

உப்புக்காற்றில் கம்பி துருவேறும். உறைக்குள் எண்ணெய் விட்டு மாட்டுங்கள். தங்கக் கோட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.