பிரான்சுக்குப் போட்ட பட்டை நாமம்

அமெரிக்க அதிபர் வாயைத் திறந்தால் ஐரோப்பியத் தலைநகரங்களுக்கு வயிற்றைக் கலக்குவது ஏதோ டிரம்ப் காலத்து நோய் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வயிற்றுவலிக்கு நூறு வயது தாண்டிவிட்டது. முதலில் அதை வரவழைத்தவர் அடாவடிக்காரரும் அல்ல. பேராசிரியர், மத போதகரின் பிள்ளை, உட்ரோ வில்சன். அவர் யாரையும் மிரட்டவில்லை. வாக்குக் கொடுத்தார். அதுதான் வினை.

1918 நவம்பரில் முதல் உலகப் போர் முடிந்தது. அதே மாதம் அமெரிக்காவில் காங்கிரஸ் தேர்தல். உலகத்தின் முன் நான் தலைநிமிர்ந்து பேச வேண்டுமானால் என் கட்சிக்கே ஓட்டுப் போடுங்கள் என்று வில்சன் மக்களிடம் வேண்டுகோள் வைத்திருந்தார். மக்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு அவைகளையும் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியிடம் தூக்கிக் கொடுத்தார்கள். செனட்டில் 49க்கு 47. ஒப்பந்தம் எதுவானாலும் அந்த அவையில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கினால்தான் செல்லும். கொஞ்சம் விவரமான ஆள் என்றால் எதிர்க்கட்சியின் பெரிய தலைகளில் ஒன்றிரண்டையாவது கையோடு கூட்டிப் போயிருப்பார். வில்சன் பேருக்கு ஒரு குடியரசுக் கட்சிக்காரரை, ஹென்றி வைட் என்ற ஓய்வுபெற்ற தூதரை, சேர்த்துக்கொண்டு டிசம்பர் 4ஆம் தேதி பாரிஸ் சமாதான மாநாட்டுக்குக் கப்பல் ஏறினார்.

ஏறிய கப்பல் ஜெர்மனியில் கட்டியது. போரின்போது பறிமுதல் செய்தது. பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். வெளிநாட்டார் எவரோடும் நிரந்தரக் கூட்டு வேண்டாமப்பா என்று 1796இல் உபதேசம் செய்துவிட்டு ஓய்வு பெற்ற அதே வாஷிங்டன்தான். சகுனம் பார்க்கிறவர்கள் துறைமுகத்திலேயே திரும்பியிருப்பார்கள்.

பதவியில் இருக்கும்போது ஐரோப்பாவில் கால் வைத்த முதல் அமெரிக்க அதிபர் அவர். பாரிஸ் தெருக்களில் ஜனம் திரண்டு ஆர்ப்பரித்தது. அங்கே அவருக்காகக் காத்திருந்தவர் பிரெஞ்சுப் பிரதமர் கிளமென்சோ. வயது 77, பட்டப்பெயர் புலி. வில்சனின் பதினான்கு அம்ச அமைதித் திட்டத்தைக் கேட்டுவிட்டு, ஆண்டவனே பத்துக் கட்டளையோடு நிறுத்திக்கொண்டாரே என்று அவர் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். 1919 பிப்ரவரியில் ஓர் இளைஞன் அவரைப் பக்கத்தில் நின்று சுட்டான். ஒரு குண்டு உடம்பில் தங்கிவிட்டது, கடைசிவரை எடுக்கவில்லை. பெரியவருக்கு வருத்தமெல்லாம், ஒரு பிரெஞ்சுக்காரன் இவ்வளவு மோசமாகவா குறி பார்ப்பான் என்பதுதான்.

இந்தப் புலிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: ரைன் நதி. அதன் இடக்கரையை ஜெர்மனியிடமிருந்து பிரித்துவிட்டால் இன்னொரு படையெடுப்பு வராது என்பது அவர் கணக்கு. வில்சன் மாட்டேன் என்றார். பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜும் கூடாது என்றார். பதிலுக்கு இருவரும் சேர்ந்து ஒரு யோசனை சொன்னார்கள்: ரைன் எதற்கு? ஜெர்மனி உங்கள்மேல் கை வைத்தால் நாங்கள் இரண்டு பேரும் ஓடி வருகிறோம், எழுதியே தருகிறோம்.

இந்த யோசனை வந்த தேதியைக் கவனிக்க வேண்டும். மார்ச் 14. அதற்குப் பத்து நாள் முன்புதான் வாஷிங்டனில் குடியரசுக் கட்சியின் செனட்டர்களும் செனட்டுக்குத் தேர்வானவர்களுமாக 39 பேர் கையெழுத்திட்ட ஓர் அறிக்கை வெளியாகியிருந்தது. வில்சன் உருவாக்கிய சர்வதேச சங்கம் இப்போதுள்ள வடிவில் ஏற்கத்தக்கதல்ல என்றது அது. செனட்டில் மொத்தம் 96 பேர். 33 பேர் எதிர்த்தாலே எந்த ஒப்பந்தத்துக்கும் சங்குதான். அதாவது, ஏற்கெனவே கொடுத்த வாக்குக்கே வீட்டில் ஆதரவு இல்லை என்று எழுத்துமூலம் தெரிந்த பிறகு, இடையில் ஊர் வந்திருந்த வில்சன் பாரிஸ் திரும்பிப் புதிதாக இன்னொரு வாக்கைக் கொடுத்தார். துணிச்சல் என்றால் இதுதான் துணிச்சல்.

லாயிட் ஜார்ஜ் வேல்ஸ் நாட்டு வக்கீல்; இந்த விஷயத்தில் எமகாதகர். ஊர்ப் பக்கம் கடன் பத்திரத்தில், மற்றவர் போட்டால்தான் நான் போடுவேன் என்று ஜாமீன் கையெழுத்துக்கு வருகிறவர்கள் உண்டே, அந்த ரகம். அமெரிக்க செனட் ஒப்புதல் கொடுத்தால்தான் பிரிட்டனின் உறுதிமொழியும் உயிர் பெறும் என்று ஒரு வரியை உள்ளே நுழைத்துவிட்டார். ஜூன் 28ஆம் தேதி, சர்வதேச சங்கத்தையும் உள்ளடக்கிய வெர்சாய் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாளில், இந்த இரண்டு பத்திரங்களும் கையெழுத்தாயின. கிளமென்சோ ரைனை விட்டுக்கொடுத்துவிட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

இனி காட்சி வாஷிங்டனுக்கு மாறுகிறது. செனட் வெளியுறவுக் குழுவின் தலைவர் ஹென்றி கேபட் லாட்ஜ். வில்சன் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முனைவர் பட்டம் பெற்றவர் என்றால் இவர் ஹார்வர்டில் பெற்றவர். இரண்டு முனைவர்கள் ஒரே ஊரில் அரசியல் செய்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வில்சனின் சங்க உடன்படிக்கையில் இருக்கும் ஆங்கிலம் பிரின்ஸ்டனில் வேண்டுமானால் செல்லும், ஹார்வர்டில் செல்லாது என்று லாட்ஜ் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஒரு கோடிக்கு மேல் மனிதர்கள் செத்த போருக்குப் பிறகு, எதிர்கால உலக அமைதி அந்த மட்டத்தில்தான் விவாதிக்கப்பட்டது.

லாட்ஜ் கத்தவில்லை, கூட்டம் கூட்டவில்லை. வெர்சாய் ஒப்பந்தம் முழுவதையும் குழுவில் வரிவரியாக வாய்விட்டு வாசித்தார். இரண்டு வாரம். பொதுமக்களின் உற்சாகத்தை வடியவைக்க இதைவிட நாகரிகமான வழி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. பிறகு 14 நிபந்தனைகளைச் சேர்த்தார். எண் தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம்.

நிபந்தனையோடு ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நண்பர்கள் கெஞ்சினார்கள். வில்சன் மக்களிடமே முறையிடுவேன் என்று ரயிலேறினார். சுமார் 8,000 மைல். செப்டம்பர் 25ஆம் தேதி கொலராடோவில் பேசிவிட்டுச் சாய்ந்தார். அக்டோபர் 2ஆம் தேதி பக்கவாதம். அதன்பின் படுக்கையறைக் கதவுக்கு உள்ளே எந்தக் காகிதம் போகலாம், எது போகக்கூடாது என்று தீர்மானித்தவர் மனைவி எடித். படுத்தபடியே வில்சன் அனுப்பிய உத்தரவு: லாட்ஜின் நிபந்தனையோடு வந்தால் தோற்கடியுங்கள். 1920 மார்ச்சில் நடந்த கடைசி வாக்கெடுப்பில் ஆதரவு 49, எதிர்ப்பு 35. ஏழு ஓட்டுக் குறைந்தது. எதிர்த்த 35 பேரில் 23 பேர் வில்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள், தலைவர் சொல்லைத் தட்டாதவர்கள். அந்தப் பதினான்கைப் பேசாமல் விழுங்கியிருந்தால் மிச்சமாவது தேறியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பிரான்சுக்குக் கொடுத்த பத்திரம் என்ன ஆயிற்று? அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. இதில் கொடுமை, லாட்ஜுக்கு அந்தப் பத்திரத்தின்மேல் பெரிய விரோதம் எதுவும் கிடையாது. இரண்டு பெரியவர்களின் ரோஷத்தில் அது யார் கண்ணிலும் படாமல் தூசி படிந்து செத்தது. அமெரிக்கா போடாததால் பிரிட்டனின் கையெழுத்தும் காலாவதி. ரைனும் போயிற்று, ஜாமீனும் போயிற்று. 1920 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் பதவிக்கு ஆசைப்பட்ட கிளமென்சோவைக் கைவிட்டு, அவருடைய நாடாளுமன்றம் டெஷானெல் என்பவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த மனிதர் மே மாதத்து இரவொன்றில் ஓடும் ரயிலிலிருந்து பைஜாமாவோடு தவறி விழுந்து, தண்டவாளத்தின் ஓரமாக நடந்து போனார். நமக்கு அந்தக் கதை வேண்டாம். சொல்லாமல் போகவும் மனம் வரவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அடுத்த சுற்றில் அமெரிக்கர்கள் உஷார். 1949 ஏப்ரல் 4ஆம் தேதி வாஷிங்டனில் 12 நாடுகள் நேட்டோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது மரைன் படையின் பேண்டு இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் பாடல்களை வாசித்தது. ஒன்று, ‘என்னிடம் இருப்பதெல்லாம் ஏராளமான இல்லாமை’ என்ற பொருளில். மற்றொன்று, ‘அப்படித்தான் என்று கட்டாயமில்லை’ என்ற பொருளில். வெளியுறவுச் செயலர் டீன் அச்செசனே இதை ரசித்து எழுதி வைத்திருக்கிறார். இரண்டாவது பாட்டு ஐந்தாவது பிரிவுக்கே பின்னணி இசை. ஒருவர்மேல் விழும் அடி எல்லோர்மேலும் விழுந்த அடி என்று கம்பீரமாகத் தொடங்கும் அந்தப் பிரிவு, அவரவர் தேவை என்று கருதும் நடவடிக்கையை எடுப்பார்கள் என்று இறங்கிவிடும். லாட்ஜின் ஆவி செனட் வளாகத்தில் உலவிக்கொண்டிருந்ததால் அப்படி எழுத வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் 82க்கு 13 என்று நிறைவேறியது. லாட்ஜின் பேரன், அதே பெயர்கொண்ட செனட்டர், நேட்டோவின் ஆதரவாளர்.

ஐரோப்பாவில் நம் படை நிரந்தரமாக இருக்குமா என்று விசாரணையில் ஒரு செனட்டர் கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னார் அச்செசன். இரண்டே வருடத்தில் கூடுதல் டிவிஷன்கள் புறப்பட்டன. பத்து வருடத்துக்குள் இவர்கள் ஊர் திரும்பாவிட்டால் இந்தத் திட்டமே தோல்வி என்று 1951இல் கடிதம் எழுதினார் நேட்டோவின் முதல் தளபதி ஐசனோவர். பத்து வருடம் கழிந்தபோது அவரே எட்டாண்டு அதிபராக இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். படைகள் அங்கேயே இருந்தன.

இதையெல்லாம் நம்பாத ஒரே ஆள் பிரெஞ்சு அதிபர் டிகால். 1919இல் ஜெர்மன் சிறையிலிருந்து திரும்பியிருந்த இளம் கேப்டன் அவர். பத்திரம் செத்த கதை தெரியும். பாரிஸைக் காப்பாற்ற நியூயார்க்கைப் பணயம் வைப்பீர்களா என்று 1961இல் கென்னடியிடம் நேராகவே கேட்டார். 1966இல் அமெரிக்கப் படைகள் மூட்டை கட்டட்டும் என்று அமெரிக்க அதிபர் ஜான்சனுக்குக் கடிதம் போட்டார். கல்லறையில் கிடக்கும் எங்கள் பையன்களையும் தோண்டி எடுத்துப் போகணுமா என்று ஜான்சன் தரப்பில் கேட்கப்பட்டதாம். நேட்டோ பெல்ஜியத்துக்குக் குடிபெயர்ந்தது.

2025 ஜூனில் ஹேக் மாநாட்டில் அதே நேட்டோவின் பொதுச் செயலர் மார்க் ருட்டே, டிரம்ப் பேசிய பேச்சுக்குச் சமாதானம் சொல்லும்போது, அப்பா சில சமயம் கடுமையாகப் பேசத்தான் வேண்டும் என்றார். 2035க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குகிறோம் என்று பிள்ளைகளும் ஒப்புக்கொண்டார்கள். 

அப்பா வீட்டைவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில் அமெரிக்க காங்கிரஸ் 2023 டிசம்பரிலேயே ஒரு சட்டம் போட்டுவிட்டது. செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதலோ காங்கிரஸ் இயற்றும் சட்டமோ இல்லாமல் எந்த அதிபரும் நேட்டோவிலிருந்து விலக முடியாது. ஒரு காலத்தில் அதிபரை உள்ளே விடாத அதே மூன்றில் இரண்டு, இப்போது வெளியே விடாது. விலகத்தான் அனுமதி வேண்டும். ஐந்தாவது பிரிவின்படி, அடி விழும்போது கைகட்டி நிற்க எவர் அனுமதியும் வேண்டாம். அந்தச் சட்டத்தை முன்மொழிந்த இருவரில் ஒருவர் செனட்டர் மார்கோ ரூபியோ. 2025 ஜனவரியில் அவர் டிரம்பின் வெளியுறவுச் செயலரானார். அதிபரைக் கட்டிப்போடக் கயிறு திரித்த கையாலேயே அவருடைய ஃபைல்களைச் சுமந்துகொண்டு பிரஸ்ஸல்ஸ் போனார்.