தடைப்பட்டியல் எழுதும் மேசைக்கு ஒரு நன்றி மடல்

பெறுநர்: தடைப்பட்டியல் எழுதும் மேசை, கொழும்பு.
அனுப்புநர்: பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் பாதுகாவலர், யாழ்ப்பாணம்.
விடயம்: அரை நூற்றாண்டுத் தொழிற்கல்விக்கு நன்றி செலுத்தல்.

மதிப்புக்குரிய மேசை அவர்களுக்கு,

உங்களை எந்த அமைச்சின் பெயரால் விளிப்பதென்று பிடிபடாதபடியால் மேசை என்றே எழுதுகிறேன். நிதி, வர்த்தகம், பாதுகாப்பு, வலுசக்தி என்று வாசலில் தொங்கும் பலகை மாறும். பச்சை, நீலம், மொட்டு, திசைகாட்டி என்று கதிரையில் இருக்கும் கட்சியும் மாறும். மேசை மட்டும் அசைவதில்லை. அதன் லாச்சிக்குள் எந்நேரமும் ஒரு பட்டியல் கிடக்கும்: எவையெல்லாம் வரக்கூடாது என்று.

மற்றவர்கள் உங்களுக்கு முறைப்பாடு எழுதுவார்கள். நான் நன்றி சொல்லவே எழுதுகிறேன். குடாநாட்டில் இன்றைக்கு எந்தக் கறள் பிடித்த இரும்பையும் உறுமவைக்கக்கூடிய கைகள் இருக்கின்றன என்றால், அதற்கு எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியும் உரிமை கோர முடியாது. பாடத்திட்டம் முழுக்க உங்களுடையது.

பாலர் வகுப்பு 1970இல் தொடங்கியது. சிறிமாவோ அம்மையாரின் அரசு 1977 வரைக்கும் வெளிநாட்டுச் சாமான்களுக்குப் படலையைச் சாத்தி வைத்திருந்தது. வெளி வெங்காயமும் செத்தல் மிளகாயும் நின்றுபோக, எங்கள் தோட்டக்காரர் நாலு காசு கண்டார்கள். அதற்கு மெய்யாகவே நன்றி. இந்த வரியில் மட்டும் பகடி கிடையாது. ஆனால் காசு வந்த வீட்டுக்குப் புதுக் கார் வரவில்லை. ஆகவே ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலான பிரித்தானிய மூதாட்டிகளுக்கு ஓய்வு வயது காலவரையறையின்றி நீடிக்கப்பட்டது. பிஸ்ரனுக்கு றிங் இல்லையா, கடைச்சல் பட்டறையில் உருட்டு. பிறேக் றப்பர் இல்லையா, ரயரில் வெட்டு. கம்பனியின் கைந்நூலில் "மாற்றுக" என்று எழுதியிருந்த இடமெல்லாம் எங்கள் ஊரில் "திருத்துக" ஆனது.

1977இல் கதவு திறந்தது. வெங்காயக்காரர் கவிழ்ந்தார்கள், ஜப்பான் ஹொண்டாக்கள் வந்தன. அவற்றுள் எம்.டி.90 என்றொன்று: ஜப்பானில் தபாற்காரர் ஓட்டுவதற்கென்றே செய்த சிவப்பு வண்டி. அங்கே கடிதம் சுமந்து களைத்து, இங்கே வந்து சீமெந்துப் பை, புகையிலைச் சிப்பம், மாமி, மாமியின் ஆட்டுக்குட்டி என்று அத்தனையையும் சுமந்தது.

உங்கள் பட்டமேற்படிப்புத் திட்டத்துக்கு வருகிறேன். 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டதும் வடக்குக்கென்று நீங்கள் எழுதிய பட்டியல் இருக்கிறதே, அது ஒரு சாதனை. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, உரம், வாகன உதிரிப்பாகம். மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அளந்து வந்தது, விளக்குக்கும் அடுப்புக்கும் என்று. விளக்குக்குக் கொடுத்ததில் இந்தச் சனம் மோட்டார் சைக்கிள் ஓட்டும் என்று மேசை எதிர்பார்த்திராது.

எஞ்சின் குளிர்ந்திருக்கையில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆவியாகாத எண்ணெயில் பொறி பற்றாது. ஆனபடியால் கபிறேற்றரின் வாயில் சில துளி பெற்றோலை விட்டு உதைக்க வேண்டும். பிடித்ததும் சட்டென்று மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஒரு கணம் முந்தினால் இருமி நிற்கும், பிந்தினால் அந்தக் கிழமைக்கான பெற்றோல் தீர்ந்துவிடும். மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்தவர் அந்நாளில் ஊரில் கனவான். மலைநாட்டுக்காரர் என்றால் இறக்கத்தில் உருட்டி ஸ்ராற் பண்ணியிருப்பார்கள். எங்கள் மண்ணில் இறக்கம் ஏது? தள்ளத்தான் வேண்டும். பிறகு வெள்ளைப் புகை, கண்ணெரிவு, எஞ்சினுக்குள் கரி, றிங் இடுக்கால் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும் மண்ணெண்ணெய். ஒயிலைக் குச்சியில் தொட்டு, விரலில் தேய்த்து, மணந்து பார்த்து "இன்னும் ரெண்டு நாள் தாங்கும்" என்று சொல்லுகிற நிபுணத்துவம் எந்த ஆய்வுகூடத்திலும் கிடையாது. கம்பிறெஷன் கூடினால் மண்ணெண்ணெய் தட்டும் என்று கண்டு, சிலிண்டருக்கு அடியில் இன்னொரு கஸ்கற் வைத்து அதைக் குறைத்தவர்களும் உண்டு. அவர்கள் பொறியியல் படித்தவர்களல்லர். உங்களிடம் படித்தவர்கள்.

அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் கம்பனி 1994இல் தன் எஞ்சின் சத்தத்துக்கே வணிகக்குறி கேட்டு விண்ணப்பம் போட்டது. மற்றக் கம்பனிகள் எதிர்க்க, இழுபட்டு இழுபட்டு 2000இல் கைவிட்டது. அதே 1994இல் மண்ணெண்ணெயில் ஓடிய எம்.டி.90இன் சத்தத்துக்கும் மணத்துக்கும் சேர்த்து நாங்கள் விண்ணப்பித்திருக்கலாம். தபால்தான் ஒழுங்காகப் போகவில்லை.

இனி என் வண்டி. யமஹா விராகோ 250. வி-ட்வின்: ஆங்கில வி எழுத்துப்போல 60 பாகையில் விரிந்த இரண்டு சிலிண்டர், தாழ்ந்த இருக்கை, பளபளக்கும் குரோமியம். போர் முடிந்து ஏ9 வீதி திறந்த பிறகு கொழும்பிலிருந்து லொறியில் வந்த பழசு. இது பத்து, பதினைந்து வருடம் முந்தி யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தால் கோழிக்கூட்டுக்குத்தான் உதவியிருக்கும். காரணம் எளிது: விராகோவுக்கு உதைமிதி இல்லை. பொத்தானை அமத்தினால்தான் ஸ்ராற். பொத்தானுக்குப் பற்றரி வேண்டும். பற்றரி உங்கள் பட்டியலில். உதைத்தால் எழும்பும் ஹொண்டாக்கள் அந்தக் காலத்தைத் தாண்டியதும், சொகுசுகள் எல்லாம் முற்றத்தில் படுத்ததும் இதனால்தான்.

விராகோ குடும்பத்துக்கு உங்களைப் போன்ற மேசைகள் புதிதல்ல. 1983 ஏப்ரலில் வாஷிங்டனில் உங்கள் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர், ஹார்லியைக் காப்பாற்றவென்று 700 சீசீக்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டார் சைக்கிள்களுக்குத் தீர்வையை 4.4 வீதத்திலிருந்து 49.4 வீதத்துக்கு ஏற்றினார். றேகன் கையெழுத்திட்டார். யமஹாக்காரர் சண்டைக்குப் போகவில்லை. 750 விராகோவைச் சற்றுச் சுருக்கி 699 சீசீயில் இறக்கிவிட்டார்கள். எல்லைக்கு ஒரு சீசீ கீழே, வரி பறந்தது. பட்டியல் எழுதுகிறவர் பேனையை மூடுமுன் பட்டறைக்காரர் வழி கண்டுவிடுவார் என்பதற்கு யாழ்ப்பாணம் மட்டும் சாட்சியில்லை. ஒன்றைச் சொல்லவேண்டும்: அந்தத் தீர்வைக்குக் காலவரையறை இருந்தது. ஐந்து வருடத்துக்குப் போட்டதை, இனி வேண்டாம் என்று 1987இலேயே ஹார்லி வலியக் கேட்டது. காலவரையறை என்கிற அந்தச் சாமானையும் என்றைக்காவது இறக்குமதி செய்து பார்க்கலாம்.

வி-ட்வினைப் பராமரிப்பது, குணத்தில் ஒட்டாத இரட்டைப் பிள்ளைகளை ஒரே சட்டியில் சமைத்து வளர்ப்பது போன்றது. என் வண்டியில் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே கபிறேற்றர்தான். முன் சிலிண்டர் காற்றை வாங்கிக்கொள்ளும். பின் சிலிண்டர் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று வேகும். சித்திரை வெயிலில் சந்தியில் நின்றால் வலது தொடைக்கே அது தெரியும். சுன்னாகத்துப் பக்கம் ஒரு கராச் அண்ணையிடம்தான் கொண்டுபோவேன். அவர் முதலில் ஆயுதம் எடுப்பதில்லை. வண்டியை ஸ்ராற் பண்ணி, விரலை நனைத்து, இரண்டு புகைக்குழாயிலும் ஒருமுறை தெறிப்பார். ஒன்று சுர்ரென்னும். மற்றது சத்தமில்லாமல் இருந்தால் அந்தச் சிலிண்டர் வேலைநிறுத்தத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு பிளக் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். தேநீர் நிறமென்றால் சுகம். கரி பிடித்திருந்தால் பெற்றோல் கூட. வெளிறியிருந்தால் எங்கோ களவாகக் காற்றுப் புகுகிறது.

அந்தக் களவு பெரும்பாலும் கபிறேற்றரை எஞ்சினோடு இணைக்கிற றப்பரில்தான். வயதேற வெடிக்கும். புதுசு கேட்டால் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஒரு கடைக்காரர் இன்னொரு கடையைக் காட்டுவார், அவர் மூன்றாவதைக் காட்டுவார்.

"மாஸ்ரர், உதுக்கேன் கொழும்புக்கு அலையிறியள்? விட்டிட்டுப் போங்கோ, நான் பாக்கிறன்."

பார்த்தார். என்ன றப்பர், எதிலிருந்து வெட்டியது என்று நான் கேட்கவில்லை. வண்டி ஓடுகிறது. பிளக் தேடி அலையவும் விடவில்லை: விராகோவின் பிளக், சின்ன ஹொண்டாக்களில் வருகிற அதே 10 மில்லிமீற்றர் மரை இனம் என்று லாச்சியைத் திறந்து எடுத்துத் தந்தார். கபிறேற்றரின் ஜெற் துவாரத்தைச் செப்புக் கம்பியின் ஒற்றை இழையால் மட்டும்தான் குத்துவார். உருக்குக் கம்பி துவாரத்தைப் பெருப்பித்துவிடும், பெருத்தால் புது ஜெற்றுக்கு எங்கே போவது? பொருள் கிடைக்காத ஊரில்தான் இப்படிப்பட்ட மென்மை விளையும். பார்த்தீர்களா, மறுபடியும் உங்களுக்கே புகழ்.

குரோமியம் மட்டும் அவருக்கும் அடங்காது. பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்வந்தால் உப்புக்காற்று ஒட்டிவிடும். கழுவித் துடைத்து எண்ணெய் பூசிப் படுக்கவைக்க வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நீங்கள் முழுத் தீவுக்கும் நிறுத்தியபோது இங்கே பெரிதாக யாரும் பதறவில்லை. கொழும்பார் முதலாம் வகுப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள், இடம் விடுங்கோ என்றார் கராச் அண்ணை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து ஏறி 360ஐத் தொட்டது. பிறகு கியூஆர் அட்டை: மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். என் தாங்கி 9.5 லீற்றர் கொள்ளும், ஆகவே அது மாதக்கணக்காக அரைப்பட்டினி விரதம் இருந்தது. எங்களுக்குத்தான் மண்ணெண்ணெய் தெரியுமே என்று மார்தட்டியிருப்போம். அதையும் மேசை அறிந்திருக்கிறது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெயை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340க்கு ஏற்றிவிட்டீர்கள். பழைய மாணவர் சங்கத்தின் சார்பில் சொல்கிறேன், அது கொஞ்சம் மனத்தைத் தைத்தது. மீனவர்களுக்கு வயிற்றிலேயே தைத்தது.

2025 பெப்ரவரியில் கதவு மீண்டும் திறந்தது. விலையைப் பார்த்தவர்கள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு கராச்சுக்குத் திரும்பி வந்தார்கள்.

ஆகவே சில தாழ்மையான வேண்டுகோள்கள். வேலைக்கு விண்ணப்பிக்கப் போனால் எங்கள் பொடியளிடம் என்.வி.கியூ. என்கிற தொழிற்தகைமைச் சான்றிதழ் கேட்கிறார்கள். 1990 தொடக்கம் உங்களிடம் படித்தவர்களுக்கு நீங்களே ஒரு சான்றிதழ் அச்சடித்துத் தரவேண்டும். பாடங்கள்: மண்ணெண்ணெய் எரிப்பு, றப்பர் வார்ப்பு, பற்றரி இன்மை. அடுத்தது புகைப் பரிசோதனை. வருடாந்த வரிப்பத்திரத்துக்கு என் வண்டியின் புகையை அளக்கிறார்கள். அளக்கட்டும், சுற்றாடல் முக்கியம். ஆனால் முழுக் குடாநாட்டையும் மண்ணெண்ணெய்ப் புகைக்குள் வைத்திருந்த மேசைக்கும் ஒரு குழாயைச் செருகிப் பார்த்தால் முறையாக இருக்கும். அடுத்த பட்டியலில் கஸ்கற் மட்டையைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே அறியத் தாருங்கள். கலியாணக் கார்ட்டுகளில் தடிப்பானவற்றை இப்போதிருந்தே சேர்க்கத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள பழைய மாணவன்.

பி.கு.: வாகனப் பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் என்றொரு கட்டம் இருக்கிறது. கராச் அண்ணையின் எம்.டி.90க்கு அதில் பெற்றோல் என்று போட்டிருக்கிறது. தடைக் காலத்து வருடங்களுக்கு மட்டும் பின்திகதியிட்டு மண்ணெண்ணெய் என்று திருத்தித் தர இயலுமா? எந்தப் படிவம், எத்தனை பிரதி, கட்டணம் எவ்வளவு என்பதையும் அறியத் தரவும். புகைப்படம் தேவையென்றால் வண்டியை மட்டும் அனுப்புவோம். அண்ணைக்கு நேரமில்லை, வாசலில் இன்னும் நாலு வண்டி நிற்கிறது.