வெள்ளைப் பேண்ட்டும் பிரேக் ஆயிலும்

வாடே மருமகனே. விமானம் பழுது பாக்குத படிப்பை முடிச்சிட்டு வந்திருக்கேன்னு உங்கம்மா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதா. சந்தோஷம். கையில டேப்லெட்டு, காதுல ஒரு குமிழு, கழுத்துல அட்டை, எல்லாம் இருக்கு. முழங்கால்ல மட்டும் ஒரு பொட்டு அழுக்கைக் காணோமே, அது எப்படிடே?

நான் ஹேங்கர்ல தொடைக்கத் துணி எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவன். இங்கிலீஷு அரைகுறை. ஆனா செஸ்னா 172-ன்னு ஒண்ணு இருக்கு பாரு, அது வயித்துக்கடியில மல்லாந்து கெடந்தே எனக்கு முடி நரைச்சிட்டு. 1956-ல விக்க ஆரம்பிச்ச விமானம். 44,000-க்கு மேல செஞ்சு தள்ளிட்டாவ. ஒலகத்துல வேற எந்த விமானத்தையும் அத்தனை செஞ்சதில்லை. ரெண்டு றெக்கை, ஒரு வாலு, மூணு சக்கரம். இதைச் சோதிக்க என்ன பெரிய வித்தை வேணும்? குனியத் தெரியணும். அம்புட்டுதான். அதுதான் உங்களுக்கு வரமாட்டேங்குது.

உன் சேக்காளி ஒருத்தன் பைலட்டுக்குப் படிக்கான்லா? காலையில விமானத்தைச் சுத்தி வருவான், கவனிச்சிருக்கியா? வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட்டு, தோள்ல பட்டை, கண்ணுல கறுப்புக் கண்ணாடி. றெக்கையைத் தொட்டு ஒரு போட்டோ. மூக்கைத் தொட்டு ஒரு போட்டோ. பிரேக்கு எங்க இருக்கு? சக்கரத்துக்கு உள்பக்கம், தரையோட தரையா. முட்டி போட்டாத்தான் தெரியும். முட்டி போட்டா பேண்ட்டு என்னத்துக்கு ஆவும்? அதனால பிரேக்கு நல்லா இருக்குன்னு டிக் அடிச்சிருதான்.

நீ முட்டி போடு. செவப்பா எண்ணெய் கசிஞ்சிருக்கான்னு பாரு. இந்த விமானத்துக்கு ஊத்துத பிரேக் ஆயில் செவப்பு நெறம். மினரல் ஆயில். அது கொறைஞ்சிட்டுன்னு முக்குக் கடையில கார் பிரேக் ஆயில் வாங்கிட்டு வந்து ஊத்தப் போன மகராசனும் உண்டு. பேரு ஒண்ணுதான தாத்தாங்கான். பேரு ஒண்ணா இருந்தா ரப்பர் சீலுக்குத் தெரியுமாடே? அது கெட்டு ஒழுகிரும். பொறவு ஓடுபாதை முடியுத எடத்துல பெடலை மிதிச்சா, மிதிச்ச காலுதான் உள்ள போவும்.

அடுத்தது பெட்ரோலு. இப்ப வருத 172-ல அதை வடிச்சுப் பாக்க 13 எடம் வச்சிருக்கான். றெக்கைக்கு அஞ்சஞ்சு, வயித்துக்கடியில மூணு. பதிமூணையும் வடிக்க யாருக்குப் பொறுமை? ரெண்டை வடிச்சிட்டு மிச்சத்தைக் கும்பிட்டுட்டுப் போறவன்தான் ஜாஸ்தி. றெக்கை மேல இருக்க மூடியோட ரப்பர் வெயில்ல வெடிச்சிருக்கும். ராத்திரி மழை பெஞ்சா தண்ணி அது வழியா டேங்குக்குள்ள எறங்கும். தண்ணி கனம், அடியிலதான் கெடக்கும். வடிச்ச கப்புல பெட்ரோலும் தண்ணியும் தனித்தனியா நின்னா எந்த மடையனுக்கும் தெரியும். கப்பு பூராவும் தண்ணியா இருந்தா? நடுவுல கோடே இருக்காது. பளிங்காத் தெரியும். "ஆஹா, என்ன சுத்தம்"னு நம்ம ஆளு திருப்திப்பட்டுருவான். இந்தப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டு வச்சிருக்கது எதுக்காம்? நீலம் இருக்கான்னு பாரு. சந்தேகமா இருந்தா மோந்து பாரு. மூக்கு மூஞ்சிக்கு அழகா இருக்கட்டும்னா ஆண்டவன் வச்சான்?

குளவியைப் பத்தி உங்க வாத்தியாரு பாடம் எடுத்தாரா? எடுத்திருக்க மாட்டாரு. குளவிக்கு எந்த ஓட்டையைக் கண்டாலும் வீடு கட்டணும். றெக்கைக்குக் கீழ பிட்டாட்டுன்னு ஒரு குழாய் நீட்டிக்கிட்டு நிக்கும். வேகத்தைக் காட்டுத முள்ளுக்குக் காத்து அது வழியாத்தான் போவுது. பெட்ரோல் டேங்கு மூச்சு விடுததுக்கும் ஒரு குழாய் உண்டு. ரெண்டுல எதை அது மண்ணு வச்சுப் பூசினாலும் உனக்குச் சனியன்தான். 1996 பிப்ரவரியில டொமினிக்கன் குடியரசுல ஒரு போயிங் 757 கடல்ல விழுந்துச்சு. 189 உசுரு. பிட்டாட்டு குழாய் அடைச்சிருந்துச்சு, குளவிக் கூடாத்தான் இருக்கும்னு விசாரிச்சவுக சொன்னாவ. அதே வருசம் அக்டோபர்ல பெருவுல இன்னொண்ணு. விமானத்தைக் கழுவும்போது காத்து ஓட்டையில ஒட்டின டேப்பைப் பிய்க்க மறந்துட்டாவ. 70 பேரு போயிட்டாவ. அம்மாம் பெரிய விமானத்துக்கே அந்தக் கதி. உன் சின்ன விமானத்துக்குக் குழாய் மூடியும் செவப்பு ரிப்பனும் எம்புட்டு ஆயிரும்? அந்தக் காசுக்குக் கணக்குப் பாக்க முதலாளியை நான் கண்டிருக்கேன். வாசல்ல கண்ணாடிக் கதவு மட்டும் தானாத் தொறக்கும்.

இனி கேபிளுக்கு வா. ஸ்டியரிங்குல இருந்து றெக்கை ஓரத்து எய்லரான், வால்ல இருக்க எலிவேட்டர் வரைக்கும், கால் பெடல்ல இருந்து ரட்டர் வரைக்கும் எல்லாம் இரும்புக் கம்பிக் கயிறு. அதைப் போட்டோ புடிச்சுப் பெருசாக்கிப் பாக்காதடே. பழைய துணி ஒண்ணை எடுத்துக் கயித்தைச் சுத்திப் புடிச்சு மெதுவா இழு. அறுந்த நரம்பு இருந்தா துணியில மாட்டும். விரல்ல தடவிராத, கிழிச்சிரும். புல்லிக்குள்ள மறைஞ்சிருக்க எடத்துலதான் கயிறு தேயும். ஒரு ஆளை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லி, அந்த எடத்தை வெளிய கொண்டாந்து பாரு.

கேபிளை மாட்டின பொறவு பாக்கதுக்கு ஒரு வழி இருக்கு, காசு கெடையாது. ஸ்டியரிங்கைப் புடிச்சு ரெண்டு கட்டைவிரலையும் நேரா மேல நிறுத்து. இடது பக்கம் திருப்பு. விரல் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கத்து எய்லரான் மேல எந்திரிக்கணும். எந்திரிக்கலையா, கயித்தை மாத்தி மாட்டியிருக்கேன்னு அர்த்தம். சின்னப்புள்ள வெளையாட்டா இருக்கோ? 2018 நவம்பர் 11, போர்ச்சுகல். ஏர் அஸ்தானா கம்பெனியோட ஜெட் விமானம் பெரிய சர்வீஸ் முடிஞ்சு கெளம்புது. எய்லரான் கேபிளைத் தலைகீழா மாட்டியிருக்காவ. கம்ப்யூட்டர் என்னமோ சரியில்லைன்னு முன்னாலேயே மெசேஜ் மேல மெசேஜா அனுப்புச்சு. இவுக அந்த மெசேஜை எப்படி அழிக்கதுன்னு நாள் கணக்கா நோண்டியிருக்காவ. ஒருத்தன் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருத்தன் வெளிய நின்னு றெக்கையைப் பாத்திருந்தா சோலி முடிஞ்சிருக்கும். ஆறு பேரு ஒண்ணரை மணி நேரம் ஆகாசத்துல உசுரைக் கையில புடிச்சிக்கிட்டு, மூணாவது தடவையிலதான் எறக்கினாவ. யாரும் சாகலை. விமானத்தைத் தூக்கிக் கடாசிட்டாவ.

"அப்பக் கண்ணும் கையும் போதும், மெஷினே வேண்டாமா மாமா?"ன்னு கேப்பே. நான் எங்கடே அப்படிச் சொன்னேன்? கண்ணுக்குத் தெரியாத எடத்துக்குக் கண்ணை அனுப்பி என்ன புண்ணியம்? அதே 2018, ஏப்ரல் 4. புளோரிடாவுல டேட்டோனா பீச். பைபர் ஏரோன்னு பயிற்சி விமானம், 2007-ல செஞ்சது. ஒண்ணும் கிழடு இல்ல. மேல ஏறும்போது இடது றெக்கை தனியாக் கழண்டுட்டு. ரெண்டு பேரு செத்தாவ. றெக்கையோட முதுகெலும்புல போல்ட்டு ஓட்டைக்குள்ள விரிசல். பழகுத புள்ளைக எறங்கி ஏறி, எறங்கி ஏறி உலோகம் அசந்து போச்சு. வெளிய நின்னு ஆயுசுக்கும் பாத்தாலும் அது தெரியாது. பொறவுதான் போல்ட்டை உருவி, மின்சுழல் கருவியை உள்ள விட்டுச் சோதிக்கணும்னு அமெரிக்காவுல உத்தரவு போட்டாவ. அங்க மெஷினை வைய்யி. நானே வெளக்குப் புடிக்கேன்.

ஆனா இப்ப ஃபைபர்ல செஞ்ச விமானம் வருதுலா, அதோட தோலு உள்ளுக்குள்ள உரிஞ்சிருக்கான்னு பாக்க கம்பெனிக்காரன் புஸ்தகத்துலயே என்ன போட்டிருக்கான்? ஒரு காசை எடுத்துத் தட்டிப் பாருங்கான். நல்ல எடம் கணீர்னு கேக்கும், உரிஞ்ச எடம் பொத்துன்னு கேக்கும். சந்தையில எங்காத்தா பானை வாங்கினதும் இப்படித்தான். அவளுக்கு யாரும் சர்ட்டிபிகேட் குடுக்கலை.

இன்னொரு கூத்து சொல்லுதேன். ரெண்டாம் உலகப்போரு. பிரிட்டிஷ்காரன் விமானப்படையோட கடலோரப் பிரிவுல வாடிங்டன்னு ஒரு விஞ்ஞானி. உசுருகளைப் பத்திப் படிச்ச மனுசன், விமானத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? அவரும் கூட இருந்தவுகளும் கணக்கெடுத்துப் பாக்காவ. 50 மணி நேரத்துக்கு ஒருக்க சர்வீஸு. சர்வீஸ் முடிஞ்ச கையோடதான் கோளாறு அதிகமா வருது. பறக்கப் பறக்கக் கொறையுது! என்ன அர்த்தம்? நல்லா இருந்ததைக் கழத்தி மாட்டினதுல ஒண்ணு கெட்டுப்போச்சு. அதுக்காகச் சர்வீஸே வேண்டாம்னு சாயங்காலம் வீட்டுக்கு ஓடிராத. கையில ஸ்பானர் இருக்குன்னு ஒவ்வொரு நட்டாத் தேடிப் போவாத. கழத்தினியா, ஸ்பிளிட் பின்னு புதுசாப் போடு. லாக் வயரை இறுக்குத பக்கமாச் சுத்து. மூடியை மாட்டுததுக்கு முன்ன ஸ்பானரை எண்ணு. பொறவு நீ பாக்காத, வேற ஒருத்தனைப் பாக்கச் சொல்லு. உன் தப்பு உன் கண்ணுக்கு எப்படிடே தெரியும்?

சீட்டை மறந்துட்டேன் பாரு. எல்லாரும் மறக்கது அதைத்தான். சீட்டு நகருத தண்டவாளத்துல வரிசையா ஓட்டை இருக்கும். ஓட்டை தேஞ்சு நீண்டுட்டா பின்னு நிக்காது. மூக்கைத் தூக்குத நேரம் சீட்டு வழுக்கிப் பின்னால ஓடும். பைலட்டு எதைப் புடிப்பான்? கையில இருக்க ஸ்டியரிங்கைத்தான். அதையும் இழுத்துக்கிட்டே போவான், மூக்கு இன்னும் மேல போவும். அத்தோட கதை முடிஞ்சிது. இப்படிப் பல பேரு செத்த பொறவு, 1987-ல இதுக்குன்னே அமெரிக்காவுல உத்தரவு வந்துச்சு. ஓட்டையை அளந்து பாக்கணுமாம், ஒவ்வொரு 100 மணி நேரத்துக்கும். றெக்கைக்கு ஆயிரம் கணக்குப் போட்ட ஊருல, குண்டி வைக்க எடத்துக்கு ஒரு உத்தரவு போட வேண்டியதாப் போச்சு.

கடைசியாக் கையெழுத்து. நூறு மணி நேரச் சர்வீஸை ஒரு மணி நேரத்துல முடிச்சு, பச்சை மை பேனாவுல வளைச்சு வளைச்சுப் போடுத கையெழுத்து. என் கையில அதிகாரம் இருந்தா ஒரே ஒரு சட்டம்தான் போடுவேன். சர்வீஸ் முடிஞ்ச விமானத்தோட முதல் சவாரியில, கையெழுத்துப் போட்டவன் பக்கத்து சீட்டுல உக்காரணும். பொறவு பாரு, எத்தனை பேருக்கு அன்னைக்குன்னு பாத்து வயித்தால போவுதுன்னு.